நேர்ந்துவிட்ட அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிகிற நேரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் இளம் சாமியார் ஒரு காரியம் செய்தார். "நம்ம பங்கிலிருந்து சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு ஒரு பிள்ளை போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. தேவ அழைத்தலுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணணும். ஆண் பிள்ளை இருக்கிற பெற்றோர் அவன் தலையில கை வச்சு, 'ஆண்டவரே, இவனை உமக்குத் தர்றோம்'னு மனசுக்குள்ள சொல்லுங்க" என்றார். வெளியே நல்ல மழை. கோயில் முழுக்க நனைந்த குடைகளின் வாசனை. எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, பக்கத்திலிருந்த மகனின் தலையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பையனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. கழுத்து மட்டும் ஆமையின் கழுத்துபோலச் சட்டைக் காலருக்குள் மெல்ல இறங்கியது.

எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதைத் தெரியும். என் அண்ணன் சவரிமுத்துவின் கழுத்து அப்படித்தான் இறங்கும்.

சவரிக்கு நாலு வயதாக இருந்தபோது தொண்டை அடைப்பான் வந்தது. இப்போது ஊசி போட்டு அந்த நோயையே துரத்திவிட்டார்கள். பேரன் பேத்திகளுக்குப் பெயர்கூடத் தெரியாது. அப்போது வந்தால் பெரும்பாலும் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா முழங்காலில் நின்று, 'இவனை எனக்குத் திருப்பிக் கொடு, நான் இவனை உனக்கே கொடுத்துவிடுகிறேன், சாமியாராக்குகிறேன்' என்று நேர்ந்துகொண்டாள். நான் அப்போது கைக்குழந்தை. அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். இந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரயோஜனமில்லாத சாட்சி.

பிள்ளை பிழைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் சாமிக்குக் கொடுத்த பிள்ளை.

நாங்கள் இருந்தது சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வட்டாரத்தில். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் ஒரு குழாய், மூலையில் எல்லாருக்கும் பொதுவாகக் கக்கூஸ். பெங்களூரில் இதைத்தான் வட்டாரம் என்போம். பெரியவர்கள் அப்போதும் அந்தப் பகுதியைப் பிளாக்பள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரு முன்னறை, துணித்திரைக்குப் பின்னால் ஒரு சமையலறை, அதற்கு மேலே பரண், அவ்வளவுதான். அப்பா தையல்காரர். வெள்ளைக்கார ஆபீசர்களுக்கு யூனிபாரம் தைத்த கடையில் வேலை பார்த்தார். சுதந்திரம் வந்து அவர்கள் கப்பல் ஏறிய பிறகு, அதே கை கான்வென்ட் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தது. அதிகம் பேசமாட்டார். ஊசியை உதட்டில் வைத்து வைத்துப் பழகியதால் வாயைத் திறக்கப் பயம் என்று அம்மா சொல்வாள்.

இந்த வட்டாரத்தில் என் அண்ணன் எப்படி வளர்ந்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கோலி ஆடப் போனால் மற்ற பையன்கள், "நீ வேணாம்டா, உன்கிட்ட சண்டை போட்டா பாவம்" என்று ஒதுங்கிவிடுவார்கள். கறிக்கடை பாய் அவனைத் தூரத்தில் பார்த்ததுமே "ஆவோ, சோட்டே பாதர்!" என்று குட்டிச் சாமியாராகவே கூப்பிட்டு நல்ல துண்டாக வெட்டிப் போடுவார். கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருக்கும் ஆண்கள் இவன் வந்தால் நிறுத்திவிடுவார்கள். எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் ஒரு அமைதி போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு அதைவிடத் தண்டனை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

எனக்கும் அதில் பங்கு உண்டு, கேளுங்கள். நான் வாய்விட்டுச் சிரித்தால், "ஒரு சாமியாரோட தங்கச்சி இப்படியாடி பல்லக் காட்டுவா?" என்பாள் அம்மா. சினிமா கிடையாது. வளையல் இரண்டுக்கு மேல் கிடையாது. அண்ணன் சாமியாராகி முதல் பூசை வைக்கிற அன்றைக்கு முன்வரிசையில் உட்காரப் போகிறேன், ஊரே என்னைப் பார்க்கும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த நாளுக்கு என்ன நிறத்தில் பட்டுப்பாவாடை என்பதை எட்டு வயதிலேயே முடிவுசெய்து வைத்திருந்தேன். கிளிப்பச்சை.

வியாழக்கிழமை சாயங்காலம் குருக்களுக்கான ஜெபம். அம்மா கோயிலில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு வந்து, வீட்டிலும் எங்களை முழங்கால்போட வைப்பாள். கடைசியில் சவரியின் தலையில் கையை வைத்து, "சாமி, இவன் உங்க பிள்ளை. நான் வளத்துக் குடுக்கிறவதான்" என்று முடிப்பாள். அந்த நேரத்தில்தான் அவன் கழுத்து காலருக்குள் போகும். அம்மா அடித்ததில்லை, மிரட்டியதில்லை. எல்லாரும் அவனிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். யாராவது ஒருவர் கடுமையாக இருந்திருந்தால் அவன் முறைத்துக்கொண்டு போயிருப்பான். அன்பாக இருக்கிறவர்களிடம் எந்தப் பக்கமாக ஓடுவது?

பள்ளிக்கூடம் முடிந்த ஜூன் மாதம் அவனைக் குருமடத்துக்கு அனுப்பினோம். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு வட்டாரமே வந்தது. மாலை, வாழ்த்து, பாட்டு. பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். அவள் பீடிக் கடைக்காரர் ஒருவரின் விதவை. வாய் நீளம், அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் என்ன வேகிறது என்று மூக்காலேயே கண்டுபிடிப்பாள். அவளே அன்று புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் அழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தோள் தளர்ந்து, சாதாரணப் பெண்பிள்ளை மாதிரி நின்றதை அன்று பார்த்தேன். ரயில் நகர்ந்தபோது சவரி ஜன்னலில் எல்லாருக்கும் கையசைத்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பான் என்று பிறகு சொன்னான்.

அக்டோபரில் திரும்பி வந்துவிட்டான்.

அன்று வியாழக்கிழமை. மழை கொட்டியதில் வட்டாரத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அம்மா கோயிலுக்கு ஜெபத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால், தகரப்பெட்டியைத் தலைமேல் குடைமாதிரி பிடித்துக்கொண்டு அண்ணன் நிற்கிறான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"லீவாண்ணா?" என்றேன்.

"இல்ல. வந்துட்டேன்."

எனக்கு அந்த வயதிலேயே விளங்கிவிட்டது. குருமடத்துக்குப் போனவன் திரும்பி வந்தால் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், ஓடி வந்தவன். பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்ட மாதிரி. நான் பெட்டியை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தாழ்ப்பாளை நான்தான் முதலில் போட்டேன், அம்மா இல்லை.

அம்மா வந்தாள். அவனைப் பார்த்ததும் குடையை மடக்கக்கூட இல்லை. நேராக வந்து அவன் தொண்டையைத் தொட்டாள். பிறகு நெற்றியை. மறுபடியும் தொண்டையை.

"வலிக்குதா?"

"எங்கம்மா?"

"தொண்டை. முழுங்கு. முழுங்கிக் காட்டு."

அவன் விழுங்கிக் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. குருமடத்துப் பெரிய சாமியார்கிட்ட நானே போயிச் சொன்னேன், எனக்கு அழைத்தல் இல்லைன்னு. அவரு திட்டல. 'இதுல பாவம் ஒண்ணும் இல்லப்பா, தைரியமா வீட்டுக்குப் போ'ன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நேர்ந்தது நானு."

அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் பயங்கரம். அவள் கண்ணில் இருந்தது பயம். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டோம், இனி கடவுள் தன்னுடையதை எடுத்துக்கொள்வார் என்கிற பயம். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவள் வீட்டுக்கு வந்ததேயில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

"கொஞ்ச நாள் உள்ளயே இரு. மனசு மாறும். அப்பா கொண்டுபோயி விட்டுட்டு வருவாரு. அதுவரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

இருட்டிய பிறகு அப்பா வந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரைக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். "சாப்டியா?" என்று கேட்டார். 

அப்படித்தான் எங்கள் சிறைவாசம் தொடங்கியது. அடைபட்டது அவன் ஒருவன்தான் என்றாலும், கைதி நாங்கள் நாலு பேரும். ஜன்னல் திறக்கக் கூடாது. அடுப்புப் புகை உள்ளேயே சுழன்று கண்ணெல்லாம் எரியும். அவன் இருமினால் அம்மா ஓடிப்போய்த் தொண்டையைத் தொடுவாள். அதே சமயம் இருமல் வெளியே கேட்காமலிருக்க அம்மிக் குழவியை உருட்டுவாள். ஒரே இருமலுக்கு இரண்டு பயம். என் சிநேகிதிகள் வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்புவேன். ஒரு தட்டு அதிகமாகக் கழுவுவது தெரியக் கூடாது என்று நானும் அண்ணனும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய கஷ்டம் கக்கூஸ். முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிவதற்கு முன் அப்பா போய்வந்ததும், அவருடைய கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சவரி போவான். ஒரு நாள் குழாயடியில் பிலோமினா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, உங்கப்பா இப்பதான் போயிட்டு வந்தாரு. மறுக்காவும் கம்பளியப் போத்திக்கினு போறாரே, இன்னா வயிறு சரியில்லையா?"

"ஆமாக்கா. ரெண்டு நாளா."

சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே, மாதுளம்பழத் தோலைப் போட்டுக் காய்ச்சிய கஷாயம் ஒரு செம்பு வந்தது. குடித்து முடிக்கிறவரை போகமாட்டேன் என்று அக்கா எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவம் அப்பா, நல்ல வயிற்றோடு அந்தக் கசப்பை மடக் மடக்கென்று குடித்தார். "இப்ப எப்படி இருக்குண்ணே?" என்றாள் அக்கா. "இப்பதான் வலிக்குது" என்றார் அப்பா. திரைக்குப் பின்னால் அண்ணன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு குலுங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன். வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானங்களில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்போது நாங்கள் குசுகுசுவென்று பேசுவோம். "அங்க எப்படிண்ணா இருந்துச்சு? அடிச்சாங்களா?" என்று கேட்டேன். ஓடி வந்தவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

"இல்லடி. நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல சோறு. சாயங்காலம் ஃபுட்பால். சாமியாருங்க எல்லாம் நல்லவங்க."

"பின்ன ஏன் வந்தே?"

அவன் கொஞ்ச நேரம் குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் வீட்டில் உடைந்திருந்த எல்லாவற்றையும் அவன் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டான். "கோயில்ல மத்த பசங்க கண்ண மூடி ஜெபம் பண்ணுவாங்க பாரு, அவங்க முன்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கும். அவங்க அவர்கிட்ட பேசுவாங்க. நான் கண்ண மூடினா அம்மாதான் நிப்பாங்க. நான் அம்மாகிட்டதான் பேசிக்கினு இருந்தேன்."

அக்டோபர் ஜெபமாலை மாதம். எங்கள் பங்கில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. மாதா சுரூபம் ஒன்றை, சின்னச் சிலைதான், வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒரு சாயங்காலம் ஒரு வீடு. அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லி, பொரிகடலையோ அவலோ வாங்கிச் சாப்பிட்டுப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறையன்று தேவ அழைத்தலுக்காக ஜெபிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பங்கிலிருந்து குருமடம் போன ஒரே பையனின் வீடு அல்லவா? வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"பரண்ல ஏறிக்கோ. ஜெபம் முடியற வரைக்கும் மூச்சு விடாதே" என்றாள் அம்மா.

சமையலறைக்கு மேலே, விறகுக்கும் பழைய பானைகளுக்கும் நடுவில் அவன் ஏறிப் படுத்துக்கொண்டான். முன்னறையில் ஸ்டூல்மேல் வெள்ளைத்துணி விரித்து மாதாவை வைத்தோம். கனகாம்பரமும் சாமந்தியும் ஊதுவத்தியும். வட்டாரமே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தது. இடம் போதாமல் முற்றத்திலும் முழங்காலில் நின்றார்கள். கடைசி நேரத்தில் பங்குச் சாமியாரும் வந்துவிட்டார். கனத்த உடம்பு. சைக்கிளில் வந்ததில் மூச்சு வாங்கியது. அவருக்கு எங்கள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் போட்டோம். அம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

ஜெபமாலையில் ஐந்து பத்துகள், ஒவ்வொரு பத்திலும் அதே ஜெபம் பத்துத் தடவை. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பதில் பாதியைச் சொல்வார்கள். நாலு பத்து நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாவது, வீட்டுக்காரர்களுடையது. அதை யாருக்காகச் சொல்வது என்று பிலோமினா அக்காதான் சொன்னாள்: "இந்தப் பத்த, நம்ம சவரிமுத்து தம்பிக்காக ஒப்புக்குடுப்போம். அவன் எங்க இருந்தாலும் மாதா அவனுக்குத் துணையா இருக்கட்டும். லூர்தம்மா, நீங்க ஆரம்பிங்க."

அம்மா ஆரம்பித்தாள். அந்தக் காலத்து ஜெபம் இப்போதுபோல இருக்காது. "பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கும். அம்மா 'பிரிய தத்தத்தினாலே' என்றாள். நின்றுவிட்டாள். மறுபடியும் அதையே சொன்னாள். மறுபடியும் நின்றுவிட்டாள். ஊர்க்காரர்களிடம் பொய் சொல்லிவிடலாம். மாதாவின் முகத்துக்கு நேரே, மேலே பரணில் கிடக்கிற பிள்ளையை அங்கே தூரத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு ஜெபிக்க அவளால் முடியவில்லை. ஜெபமாலையின் மணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. 

பிறகு சமையலறையில் ஒரு பானை உருண்டது. திரை விலகியது. முகத்திலும் சட்டையிலும் ஒட்டடையும் கரியுமாக அண்ணன் வெளியே வந்தான். யாரையும் பார்க்காமல் அம்மாவின் பக்கத்தில் இடம்பண்ணிக்கொண்டு முழங்காலில் நின்றான். அம்மா விட்ட இடத்திலிருந்து ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்லி முடித்தான். குரல் உடைந்திருந்தது; ஆனாலும் நிறுத்தவில்லை.

பதில் பாதியைச் சொல்ல ஒரு வாய் திறக்கவில்லை. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அப்போது பின்னால் சுவரோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." ஊசி உதட்டுக்காரர், ஊர் நடுவில் சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. தன்னந்தனியாக, கொஞ்சமும் அவசரப்படாமல் சொன்னார். பாதியில் பிலோமினா அக்கா சேர்ந்துகொண்டாள். பிறகு நான். பிறகு முற்றம் முழுவதும். மீதி ஒன்பதையும் அண்ணனே சொன்னான்.

ஜெபம் முடிந்ததும் ஜனங்கள் அவலை வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கலைந்தார்கள். ஒருவர் மட்டும் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிலோமினா அக்கா போகவில்லை. தன் முந்தானையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்தாள்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"அவன் வந்த மறுநாளே தெரியும்டி. உங்கப்பா செருப்பு போட்டுக்கினு போவாரு. இவன் வெறுங்காலு. ஒரே சுவரு, எனக்குக் கேக்காதா? வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். உங்கம்மாவா சொல்லட்டும்னு இருந்தோம்."

"அப்புறம் எதுக்குக் கஷாயம்?"

"உங்கம்மா ஒருத்தியா பொய் சொல்லிக்கினு கஷ்டப்படறா. கூட நானும் ஒண்ணு சொன்னா ஒத்தாசையா இருக்கும்னுதான்."

சாமியாருக்கும் தெரிந்திருந்தது. குருமடத்திலிருந்து அவருக்கு முன்பே தகவல் வந்துவிட்டது. நாங்களாக வருவோம் என்று அவரும் காத்திருந்திருக்கிறார். நாங்கள் எல்லாரிடமிருந்தும் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்ததை, எல்லாருமாகச் சேர்ந்து எங்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்தார்கள்.

அம்மா சாமியாரின் காலடியில் போய் விழுந்தாள். "சாமி, குடுத்தத நான் திருப்பி வாங்கிட்டேன். ஆண்டவரு எம்புள்ளைய எடுத்துக்குவாரா?"

"எழுந்திருங்க லூர்தம்மா. நேர்ச்சை நேர்ந்தவங்களத்தான் கட்டும். நீங்க நேர்ந்தீங்க, அது உங்களைக் கட்டும். அவனைக் கட்டாது. அடுத்தவங்க மனசை நேர்ந்துவிட உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை."

"அப்ப நான் இன்னா செய்யணும்?"

"ஜெபம் பண்ணுங்க. எப்பவும் பண்ற மாதிரியே. பேரைச் சொல்லாம பண்ணுங்க. வர்றவன் தானா வரட்டும்." பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நான் குருமடத்துக்குப் போறேன்னதும் எங்கம்மா கிணத்தடியில உக்காந்து அழுதாங்க. மூணு நாள் சோறு தின்னல. ஏறுமாறாத்தான் நடக்குது எல்லாம்."

இங்கே கதையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் பயம் சாமியார் சொல்லியா போகும்? அம்மா அவர் சொன்னதை நம்பினாள். அவள் கைதான் நம்பவில்லை. சவரி ஒரு கன்னடக்கார மேஸ்திரியிடம் லேத் வேலை பழகினான், தொழிற்சாலையில் சேர்ந்தான். 'ஓடி வந்தவன்' என்ற பெயர் பின்னாலேயே வந்தது. பெண் பார்த்த இரண்டு இடங்கள் அதனாலேயே தட்டிப்போயின. மூன்றாவதாக ஸ்ரீராம்புரத்துப் பெண் ஒருத்தி, அப்பா பேச்சை மீறி, பெரிய சாமியாரிடமே உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவன் என்னிடமா பொய் சொல்லப் போகிறான் என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் ஆகிற வரையில், அவன் தூங்கிய பிறகு அம்மா போய்த் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பது நிற்கவேயில்லை. அவனுக்கும் தெரியும். தூங்குகிற மாதிரி கிடப்பான். அம்மாவின் கைக்குச் சிரமமில்லாமல் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமலே படுப்பான். அவர்களுக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை நடந்ததில்லை.

வியாழக்கிழமை ஜெபத்தை அவள் விடவில்லை. எங்கள் பங்கிலிருந்து பிறகு இரண்டு பேர் சாமியார் ஆனார்கள். அம்மா இருவரின் முதல் பூசைக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து வந்தாள்.

அறுபதுகளின் நடுவில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அம்மாவை ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஒரு உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிவாஜிநகரில் பஸ் ஏறினோம். எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு இளம் கன்னியாஸ்திரிகள். பதினெட்டு, இருபது வயதுதான் இருக்கும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மடியில் மறைத்து வைத்த பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெகு நேரம். பிறகு, பஸ்ஸில் பேசுகிற பேச்சு மாதிரியே சொன்னாள்:

"எனக்கும் ஆசைதான் இருந்துச்சு. பதினஞ்சு வயசுல. மடத்துல சேத்துக்கறேன்னு மதர்கூடச் சொன்னாங்க. எங்கப்பா கட்டிக் குடுத்துட்டாரு."

 "இத்தன வருஷமா சொல்லவேயில்லையேம்மா!" என்றேன்.

"யாரு கேட்டீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் விசில் ஊதினார். எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. மழைத் தண்ணீரைத் தாண்டி இறங்க அவளுக்குக் கை கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வட்டாரத்தை இடித்துத் துணிக்கடைக்காரர்கள் கிடங்கு கட்டிவிட்டார்கள். குழாய் இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. ஜெபத்தின் வார்த்தைகளை மாற்றிவிட்டார்கள், என் பேத்திக்குப் பழைய ஜெபத்தைச் சொன்னால், "இது எந்த பாஷை, பாட்டி?" என்கிறாள். பிலோமினா அக்கா போய்விட்டாள், அப்பா போய்விட்டார். அம்மா போனபோது, தலை நரைத்த மகனாக அண்ணன் திடமாக முன்னால் நின்று எல்லாம் செய்தான். கடவுள் அவனை எடுத்துக்கொள்ளாமல் அவளுக்குப் பிறகும் விட்டுவைத்தார் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று. இப்போது அவனும் இல்லை. அவர்கள் எல்லாருடைய முகமும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பதினைந்து வயதில் அம்மாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. அந்த வயதில் அவளை யாரும் படம் பிடிக்கவில்லை. அவளை அப்படிப் பார்த்திருந்தவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.